ஆவடிக் கருங்களிப்பாறையும் காவிரிப் படுகை எண்ணெயும்: படிவுப் பாறைகளில் ஹைட்ரோகார்பன் வேறுபாடு அறியப்பட்ட வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவற்றின் வண்டலுக்கு அடியில் கரிமப்பொருள் கலந்த கருநிறக் களிப்பாறை உள்ளது. இப்பாறையைக் கொண்ட பாலாற்றுப் படுகையின் நிலப்பகுதியில் வணிக அளவில் எண்ணெயோ எரிவாயுவோ கிட்டவில்லை. ஒரே கண்டப் பிளவில் தோன்றிய காவிரிப் படுகையிலோ இரண்டும் கிட்டின. இவ்வேறுபாட்டின் காரணங்கள் 19ஆம் நூற்றாண்டு முதல் எவ்வாறு படிப்படியாக அறியப்பட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. 2015க்குப் பிந்தைய உரிமக் கொள்கைகள் 'ஹைட்ரோகார்பன்' என்னும் ஒற்றைச் சொல்லின்கீழ் இவ்வேறுபாடுகளை ஒன்றாக்கியதையும், அதன் விளைவாகத் தமிழகப் பொதுவெளியிலும் சட்டத்திலும் தோன்றிய சிக்கலையும் இது விவாதிக்கிறது.

திறவுச்சொற்கள்: திருப்பெரும்புதூர்ப் படிவுகள், பாலாற்றுப் படுகை, காவிரிப் படுகை, கெரோஜன், புரூஸ் ஃபூட், ஹைட்ரோகார்பன் உரிமக் கொள்கை.

முன்னுரை

பரங்கிமலையின் பாறையும் பூந்தமல்லியின் அடிநிலமும் பதினைந்து கிலோமீட்டர் இடைவெளிக்குள் அமைந்தவை. எனினும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை. முன்னது சார்னோக்கைட் என்னும் பழம்பாறை. கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறையால் ஆனது என்பதால் டி. எச். ஹாலண்டு 1893இல் அதற்கு அப்பெயரைச் சூட்டினார். புவியின் ஆழத்தில் மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய அப்பாறையில் எண்ணெயைத் தோற்றுவிக்கக்கூடிய கரிமப்பொருள் எதுவும் எஞ்சியிருப்பதில்லை. பின்னதோ மணலும் களியும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய படிவுப் பாறை. அதன் கருமை நிறத்துக்குப் பண்டைய தாவரங்களின் எச்சமும் ஒரு காரணம்.

'படிவுப் பாறை உள்ள இடத்தில் எண்ணெய் இருக்கும்' என்னும் கருத்து நாளிதழ்ச் செய்திகளிலும் மேடைப் பேச்சுகளிலும் திரும்பத்திரும்ப இடம்பெறுவது. ஆதரிப்போரும் எதிர்ப்போரும் இதில் ஒன்றுபடுகின்றனர் என்பது கவனிக்கத்தக்கது. ஆதரிப்போருக்கு அது வளத்தின் வாக்குறுதி. எதிர்ப்போருக்கு அழிவின் முன்னறிவிப்பு. இருசாராரும் பாறையின் உள்வேறுபாட்டைக் கணக்கில் கொள்வதில்லை. ஒரே படுகையின் ஒரு பள்ளத்தில் எண்ணெயும், அடுத்த பள்ளத்தில் எரிவாயுவும், இடையிலுள்ள முகட்டின்மேல் பழுப்பு நிலக்கரியும், வேறோரிடத்தில் எதுவுமின்மையும் அமைவதே இயல்பு. தமிழக எண்ணெய் வரலாறு இதுவரை பெரும்பாலும் கிணறுகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. எண்ணெய் கிட்டாத நிலத்தை அவ்வரலாறு கண்டுகொள்வதில்லை. ஆவடியிலிருந்து தொடங்குவதற்கு இதுவே காரணம்.

புரூஸ் ஃபூட்டின் படிவுகள்

இந்தியப் புவியியல் அளவைத் துறையின் சென்னைப் பிரிவில் 1858இல் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கோடரியால் தமிழக வரலாற்று மாணவர் அனைவருக்கும் அறிமுகமானவர். அந்நிகழ்வின் ஒளியில் அவருடைய முதன்மைப் பணி மறைந்துபோனது. அவர் தேடிச் சென்றவை கருவிகள் அல்ல, பாறை அடுக்குகள். பாலாற்றுக்கு வடக்கேயுள்ள சென்னை, வடஆர்க்காடு மாவட்டப் பகுதிகளின் புவியியல் குறித்த அவரது அறிக்கை 1873இல் துறையின் நினைவேடுகள் வரிசையில் பத்தாம் தொகுதியில் வெளியாயிற்று. திருப்பெரும்புதூர்ப் படிவுகள், சத்தியவேடு படிவுகள் ஆகிய பெயர்கள் நிலைபெற்றது அவ்வறிக்கையின் வழியாகவே.

ஃபூட் தம் பணியில் எதிர்கொண்ட இடையூறு இன்றும் தீரவில்லை. இப்பகுதியில் பாறை வெளித்தெரியும் இடங்கள் மிகக் குறைவு. ஏரி, வயல், செம்புரைமண், ஆற்று வண்டல் ஆகியவை அனைத்தையும் மூடிக் கிடக்கின்றன. ஓடைக் கரைகளிலும் கிணற்று வெட்டுகளிலும் கிடைத்த துண்டுச் சான்றுகளைக் கொண்டே அவர் வரைபடத்தை நிரப்ப வேண்டியிருந்தது. அச்சான்றுகளிலும் ஒரு புதிர் இருந்தது. தாவரப் புதைபடிவங்கள் மிகுந்த அதே படிவுகளில் கடல்வாழ் உயிரிகளின் ஓடுகளும் கிடைத்தன. நிலத்தின் இலையும் கடலின் ஓடும் ஒரே படிவில் கலந்திருப்பின் அவ்விடம் ஆழ்கடலாகவோ உள்நாட்டு ஏரியாகவோ இருந்திருக்க முடியாது. கரையை ஒட்டிய ஆழமற்ற நீர்ப்பரப்பு என்பதே பொருந்தும் விளக்கம். எண்ணெய் பற்றிய சிந்தனையே இல்லாத காலத்தில் பதிவான இக்குறிப்பு, நூறாண்டு கழித்து எண்ணெய்த் தேடலில் முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாக மாறியது.

தாவரப் புதைபடிவங்களை ஓட்டோகார் ஃபைஸ்ட்மாண்டல் 1879இல் விரிவாக விளக்கினார். டைலோஃபில்லம் முதலிய விதைத்தாவரங்கள், பெரணிகள், ஊசியிலை மரங்கள் ஆகியவை அவர் பட்டியலில் அடங்கும். அவற்றின் அடிப்படையில் படிவுகளின் காலம் ஜுராசிக் எனக் கொள்ளப்பட்டது. இக்கருத்து ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் நிலைத்திருந்தது. 1960களின் தொடக்கத்தில் மூர்த்தி, சாஸ்திரி ஆகியோர் திருப்பெரும்புதூர்ப் படிவுகளில் கண்ட நுண்ணுயிரி ஓடுகள் காலத்தைத் தொடக்கக் கிரெட்டேசியசுக்கு நகர்த்தின. வர்மாவும் இராமானுஜமும் 1984இல் வெளியிட்ட மகரந்த ஆய்வு இப்படுகையின் மேல் கோண்ட்வானாப் படிவுகளின் காலத்தை மேலும் தெளிவுபடுத்தியது. படிவுகளின் காலத்தை மாற்றியமைத்ததே இவ்வாய்வுகளின் சிறப்பாகப் பொதுவாகச் சுட்டப்படுகிறது. இக்கட்டுரைக்கு அதனினும் முக்கியமானது வேறொன்று. கிடைத்த நுண்ணுயிரிகள் மணல் துகள்களை ஒட்டித் தம் கூட்டை அமைத்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்தவை. திறந்த கடலோடு தொடர்பு குறைந்த, உப்புத்தன்மையும் உயிர்வளியும் குன்றிய நீரில் இவ்வகை தாக்குப்பிடிக்கும். ஃபூட் கண்ட கலப்பை இச்சான்று வேறு வழியில் உறுதிசெய்தது.

நீருக்காகத் துளைத்த நிலம்

இப்புறநகரின் அடிநிலம் பின்னர் அறியப்பட்டது எண்ணெய்க்காக அன்று, நீருக்காக. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் தொடங்கியது. ஆவடியின் கனரக ஊர்தித் தொழிற்சாலை 1965இல் முதல் பீரங்கி ஊர்தியை வெளியிட்டது. தொழிலும் குடியிருப்பும் பெருகியபோது ஏரிகள் மட்டும் போதவில்லை. ஆரணி, கொசத்தலையாற்று வடிநிலத்தில் 1966 முதல் 1969 வரை ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்ட உதவியுடன் நிலத்தடிநீர் ஆய்வு நடைபெற்றது. மீஞ்சூர், தாமரைப்பாக்கம், பஞ்செட்டி ஆகிய இடங்களின் கிணற்றுத் தொகுதிகள் அதன் பயனாக அமைந்தவை.

அப்பணிகளிலும் அவற்றைத் தொடர்ந்த துளையிடல்களிலும் ஒரு பொதுப் பாங்கு வெளிப்பட்டது. ஆற்று வண்டலில் நீர் தாராளமாகக் கிடைத்தது. வண்டலைத் தாண்டிக் கருநிறக் களிப்பாறையைத் தொட்டதும் வரத்துச் சுருங்கியது. வெடிப்புள்ள இடங்களில் மட்டும் ஓரளவு நீர் கசிந்தது. நீர்ப்பொறியாளருக்குக் களிப்பாறை என்பது துளையிடலை நிறுத்த வேண்டிய எல்லை. எண்ணெய்ப் புவியியலாளருக்கோ அதே களிப்பாறை தேடலைத் தொடங்க வேண்டிய இடம். ஏனெனில் எண்ணெய் பிறப்பது பெரும்பாலும் களிப்பாறையில்தான். சென்னைப் புறநகரின் கருங்களிப்பாறை பற்றிய சான்றுகள் பெரிதும் முதல் வகையினரின் ஏடுகளில் தங்கிவிட்டமை, அதன் கரிமப்பொருள் குறித்த விவாதம் பொதுவெளிக்கு வராமைக்கு ஒரு காரணம் எனலாம்.

இக்காலத்தின் ஒரு முரணையும் சுட்ட வேண்டும். அம்பத்தூருக்குக் கிழக்கே மணலியில் 1965இல் நிறுவப்பட்ட மதராசு எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனம் இந்திய அரசு, அமோகோ, ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனம் ஆகியவற்றின் கூட்டு முயற்சி. ஆண்டுக்கு 25 இலட்சம் டன் திறனுடன் 1969இல் இயங்கத் தொடங்கிய அவ்வாலை ஈரானின் டாரியஸ் வகைக் கச்சா எண்ணெயைக் கருதி வடிவமைக்கப்பட்டது. உள்ளூர்ப் பாறையிலிருந்து எண்ணெய் வரும் என்று அவ்வடிவமைப்பு எதிர்பார்க்கவில்லை. கச்சா எண்ணெய் என்பது ஒரே பொருளன்று, பிறந்த பாறைக்கேற்ப அதன் அடர்த்தியும் கந்தகமும் மெழுகும் மாறும் என்பதைத் தமிழகத்தில் முதலில் நடைமுறையில் உணர்ந்தவர்கள் புவியியலாளர்களைக் காட்டிலும் மணலியின் வேதியியலாளர்களே எனக் கூறுவது மிகையாகாது.

வேறுபாட்டின் வேதியியல்

படிவுப் பாறையில் ஹைட்ரோகார்பன் ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது என்ற வினாவுக்கான விடை ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களில் மெல்ல உருவானது. மியூனிக்கின் ஆல்ஃபிரட் டிரைப்ஸ் 1934 முதல் வெளியிட்ட கட்டுரைகள், பச்சையத்திலிருந்து வந்த போர்ஃபைரின் மூலக்கூறுகள் கச்சா எண்ணெயில் எஞ்சியிருப்பதைக் காட்டின. எண்ணெய் உயிரினங்களின் எச்சம் என்பதற்கு இது வேதியியல் சான்றாயிற்று. டச்சு அறிஞர் வான் கிரெவலென் 1950இல் நிலக்கரியின் ஹைட்ரஜன், ஆக்சிஜன் விகிதங்களைக் கார்பனோடு ஒப்பிட்டு ஒரு வரைபடம் அமைத்தார். பிரெஞ்சு ஆய்வாளர்கள் அவ்வரைபடத்தைப் பாறைகளில் சிதறிக் கிடக்கும் கரைபடாக் கரிமப்பொருளான கெரோஜனுக்கு விரிவுபடுத்தினர். 1977இல் எஸ்பிதாலியேயும் அவர்தம் குழுவினரும் அறிமுகப்படுத்திய ராக்-ஈவல் முறை, ஒரு சிட்டிகைப் பாறைத்தூளைச் சூடாக்கி அதன் எண்ணெய் ஆற்றலை அளக்க வழிசெய்தது.

இவ்வாய்வுகளின் சாரம் கெரோஜனின் மூவகைப் பாகுபாடு. ஏரிப் பாசிகளிலிருந்து தோன்றும் முதல்வகையும், கடல் மிதவை உயிரிகளிலிருந்து தோன்றும் இரண்டாம் வகையும் ஹைட்ரஜன் மிகுந்தவை, எண்ணெய் தருபவை. வட கடலின் எண்ணெய்க்குத் தாயான கிம்மரிட்ஜ் களிப்பாறை இரண்டாம் வகைக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. மரத்தின் கட்டைப்பகுதியிலிருந்து தோன்றும் மூன்றாம் வகையில் ஹைட்ரஜன் குறைவு. அது பெரும்பாலும் வாயுவையே தரும். விலக்குகளும் உண்டு. இந்தோனேசியாவின் மகாகம் கழிமுகத்தில் நிலத்தாவரப் பொருளிலிருந்தே எண்ணெய் கிடைத்துள்ளது. இலையின் மெழுகும் பிசினும் மிகுந்திருப்பது அங்குக் காரணம்.

வகையோடு வெப்பமும் சேர வேண்டும். ஏறத்தாழ 60 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் நெடுங்காலம் கிடந்தால் கெரோஜன் எண்ணெயாக உடைகிறது. வெப்பம் மேலும் ஏறினால் எண்ணெயும் வாயுவாகச் சிதைகிறது. கிலோமீட்டருக்கு 30 டிகிரி ஏறும் ஒரு நிலத்தில், மேற்பரப்பு 28 டிகிரி எனில், இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் 88 டிகிரி இருக்கும். அரைக் கிலோமீட்டரில் 43 டிகிரிதான். இந்த எளிய கணக்கு பல பெருங்கனவுகளுக்கு முற்றுப்புள்ளி வைக்கப் போதுமானது. ஆனால் எச்சரிக்கையும் தேவை: இன்று ஆழமற்றுக் கிடக்கும் பாறை முன்பு ஆழத்தில் புதைந்து, மேலுள்ள சுமை அரிக்கப்பட்டு மேலெழுந்ததாகவும் இருக்கலாம். எனவே இன்றைய ஆழத்தை மட்டும் கொண்டு தீர்ப்பு வழங்க இயலாது. வைட்ரினைட் என்னும் மரத்துகள் ஒளியைத் திருப்பும் அளவு, பாறை கண்ட உச்ச வெப்பத்தைக் காட்டுவதால் அதனையும் அளந்து பார்ப்பது வழக்கமாயிற்று.

காவிரிப் படுகையின் பள்ளங்களும் முகடுகளும்

காவிரிப் படுகையின் மேற்கு விளிம்பு 1840களிலேயே உலக அறிஞரின் கவனத்துக்கு வந்தது. கேயும் கன்லிஃபும் திரட்டிய புதைபடிவங்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846இல் விளக்கினார். எச். எஃப். பிளான்ஃபோர்டு 1862இல் அப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். ஆனால் அங்கு வெளித்தெரிவது படுகையின் ஓரம் மட்டுமே. காரையின் பாழ்நிலத்தில் இன்று மழைநீர் அரித்துச் செல்லும் களி, அதே காலத்தில் கிழக்கே ஆழத்தில் படிந்த களியின் உடன்பிறப்பு. ஓரத்தில் படிந்தது ஆழப் புதையாமல் களியாகவே நின்றது. நடுவில் படிந்தது பல கிலோமீட்டர் படிவின்கீழ் அழுந்தி வெந்தது. ஹைட்ரோகார்பன் வேறுபாட்டை மாணவர்க்கு விளக்க இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு தமிழகத்தில் இல்லை.

எண்ணெய், இயற்கை எரிவாயு ஆணையம் இப்படுகையில் முதல் ஆழ்துளைக் கிணற்றை 1964இல் காரைக்காலில் தோண்டியது. அக்கிணறு உடனடியாக வணிக வெற்றி தரவில்லை. நரிமணம் போன்ற களங்கள் வெளிப்பட மேலும் இரு பத்தாண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் நிலநடுக்க அலை அளவீடுகள் படுகையின் உண்மையான வடிவத்தைக் காட்டின. நிலப்பகுதியில் ஏறத்தாழ 25,000 சதுர கிலோமீட்டர் பரந்த இப்படுகை ஒரே கிண்ணம் அன்று. அரியலூர்–புதுச்சேரிப் பள்ளம், தரங்கம்பாடிப் பள்ளம், நாகப்பட்டினப் பள்ளம், தஞ்சாவூர்ப் பள்ளம், இராமநாதபுரம்–பாக் விரிகுடாப் பள்ளம் என வடகிழக்கு–தென்மேற்குப் போக்கில் வரிசையாக அமைந்த குழிவுகளின் தொகுதி அது. அவற்றைப் பிரிப்பவை கும்பகோணம்–மாதானம் முகடு, காரைக்கால் மேடு, பட்டுக்கோட்டை–மன்னார்குடி முகடு, மண்டபம்–நெடுந்தீவு முகடு முதலியவை. நெற்களஞ்சியமாகத் தோன்றும் சமவெளிக்கு அடியில் மலைத்தொடர் போன்ற ஏற்ற இறக்கம் புதைந்துள்ளது.

தாய்ப்பாறைகளாக அறியப்பட்டவை ஆண்டிமடம் படிவமும் சாத்தப்பாடிக் களிப்பாறையும். பள்ளங்களில் இவை தடித்துக் கிடக்கின்றன; முகடுகளின்மேல் மெலிந்தோ இல்லாமலோ போகின்றன. தேக்கப்பாறைகளாக அமைந்தவை புவனகிரி, நன்னிலம், கமலாபுரம், நிரவி ஆகியவற்றின் மணற்பாறைகள். ஊர்ப்பெயர்களைக் கொண்ட இவ்வடுக்கு வரிசை, காவிரிக் கழிமுகத்தின் ஊர்ப்பட்டியலைத் தலைகீழாக நட்டுவைத்ததுபோல் தோன்றும். மாதானம், பந்தநல்லூர் ஆகிய இடங்களில் நிலைமை வியப்புக்குரியது. பள்ளத்தில் பிறந்த ஹைட்ரோகார்பன் பக்கவாட்டில் நகர்ந்து, முகட்டின் வெடிப்புற்ற அடித்தளப் பாறைக்குள் புகுந்து தங்கியுள்ளது. கரிமப்பொருளே இல்லாத பழம்பாறையில் எண்ணெய் கிடைப்பதால், பாறையின் வகையை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது என்பது புலனாகும். பிறப்பிடம் வேறு, தங்குமிடம் வேறு.

பயன்பாட்டின் வரைபடமும் இவ்வேறுபாட்டையே பின்பற்றுகிறது. நரிமணம் வட்டார எண்ணெய்க்காக நாகப்பட்டினம் அருகே 5 இலட்சம் டன் ஆண்டுத்திறன் கொண்ட சிறு சுத்திகரிப்பு ஆலை 1993இல் அமைக்கப்பட்டது. குத்தாலம், திருமக்கோட்டை, வழுதூர் ஆகிய இடங்களில் எரிவாயு மின்நிலையங்கள் எழுந்தன. தெற்கே இலங்கையின் மன்னார்க் கடற்பகுதியில் 1970களில் பேசாலையில் நடந்த துளையிடல் பயன்தரவில்லை. 2011இல் ஆழ்கடலில் டொராடோ, பாரகுடா கிணறுகளில் கிடைத்தது எரிவாயு.

பாலாறு ஏன் வேறாயிற்று

பாலாற்றுப் படுகையும் காவிரிப் படுகையும் இந்தியாவும் அண்டார்டிகாவும் பிரிந்தபோது உண்டான பிளவுப்பள்ளங்கள். மாமல்லபுரத்தில் கடற்கரை வரை நீளும் பழம்பாறை இவ்விரண்டையும் பிரிக்கிறது. இரங்கராஜு, அகர்வால், பிரபாகர் ஆகிய மூவர் 1993இல் வெளியிட்ட ஆய்வு இரு படுகைகளையும் ஒருங்கே எடுத்துக்கொண்டு அவற்றின் கட்டமைப்பையும் ஹைட்ரோகார்பன் வாய்ப்பையும் விளக்கியது. ஒப்பீட்டு நோக்கில் அதன் இடம் தனியானது.

நிலப்பகுதிப் பாலாற்றுப் படுகையின் வறுமைக்கு ஒற்றைக் காரணம் சொல்லப்படுவதுண்டு: படிவு போதிய தடிப்பில் இல்லை என்பது. அது உண்மையின் ஒரு பகுதி. முற்கூறிய சான்றுகளை ஒருசேர வைத்துப் பார்த்தால் மூன்று குறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருப்பது தெரியும். ஃபைஸ்ட்மாண்டலின் பட்டியலில் உள்ளவை நிலத்தாவரங்கள். ஆகவே கெரோஜன் பெரும்பாலும் மூன்றாம் வகையாக இருக்க வேண்டும், எண்ணெயைவிட வாயுவையே அதனிடம் எதிர்பார்க்கலாம். படுகையின் ஓரத்தில், பரங்கிமலையின் பழம்பாறைக்கு அருகில் அமைந்த நிலையில், காவிரியின் நடுப்பள்ளங்களுக்கு நிகரான புதைவும் வெப்பமும் இங்கு வாய்த்திருக்க வாய்ப்பில்லை. மூன்றாவது குறை காலத்தைச் சார்ந்தது. திருப்பெரும்புதூர்ப் படிவுகள் தொடக்கக் கிரெட்டேசியசில் நின்றுவிட்டன. காவிரியில் அதன் பிறகு கடல் நெடுங்காலம் உள்ளே புகுந்து நின்றது. சாத்தப்பாடிக் களிப்பாறையைப் போன்ற கடற்களியும் அதன்மேல் மூடுபாறையும் அடுக்கடுக்காகப் படிந்தன. சென்னைப் புறநகரில் அவ்வத்தியாயங்கள் எழுதப்படவே இல்லை. அடுத்து வருவது செம்புரையும் வண்டலும்.

இம்மூன்றும் தனித்தனிக் காரணங்கள் என்பதில்தான் ஆய்வுப் பயன் உள்ளது. தடிப்புக் குறைவு மட்டுமே தடையெனில், கிழக்கே படிவு தடிக்கும் கடற்பகுதியில் எண்ணெய் எதிர்பார்க்கலாம். கெரோஜன் வகையும் தடையெனில், அங்கும் எதிர்பார்க்க வேண்டியது வாயுவே. கடற்களி அங்கு வேறாகப் படிந்திருப்பின் இரு முடிவுகளும் மாறும். 'இல்லை' என்ற விடையின் உள்ளே இத்தனை வேறு 'இல்லை'கள் அடங்கியுள்ளன. எண்ணெய் வரலாற்றை எழுதுவோர் வெற்றிக் கிணறுகளுக்குத் தரும் பக்கங்களில் ஒரு பங்கையாவது இவற்றுக்குத் தருதல் வேண்டும்.

நெய்வேலியும் மன்னார்குடியும்

நெய்வேலியில் 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரும்பொருள் பழுப்பு நிலக்கரி என அறியப்பட்டது. 1956இல் நெய்வேலி நிறுவனம் உருவாயிற்று. இதன் வரலாறு நன்கு எழுதப்பட்டுள்ளதால் இங்கு விரிக்க வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது ஒன்றே: பழுப்பு நிலக்கரி, சாத்தப்பாடிக் களிப்பாறையினும் மிக இளைய காலப் படிவு, வெப்பம் காணாத சதுப்புத் தாவரப் பொருள். அதிலுள்ள மீத்தேன் பெரும்பாலும் நுண்ணுயிரிகளால் உண்டாவது. நரிமணத்து வாயு ஆழத்தின் வெப்பத்தால் உண்டாவது. வேதிக் குறியீடு ஒன்றே. தோற்றமும், ஆழமும், எடுக்கும் முறையும் வெவ்வேறு.

எடுக்கும் முறையின் வேறுபாடு உழவரை நேரடியாகத் தொடுவது. மணற்பாறையில் அடைபட்ட வாயு கிணற்றின் வழியே தன் அழுத்தத்தால் மேலேறும். நிலக்கரியில் ஒட்டியிருக்கும் மீத்தேனை விடுவிக்க அவ்வடுக்கின் நீரை முதலில் வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். களிப்பாறையில் சிக்கிய வாயுவுக்கு நீரைப் பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையை விரிசலிட வேண்டும். 2010இல் மன்னார்குடி வட்டாரத்துக்கு நிலக்கரிப் படுகை மீத்தேன் ஒப்பந்தம் கையெழுத்தானபோது எழுந்த எதிர்ப்பின் மையம் நீர் வெளியேற்றமே. இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே மறைந்தது இத்திட்டத்துக்கு எதிரான பரப்புரைப் பயணத்தின்போதுதான். அப்போது மக்கள் வழங்கிய பெயர் 'மீத்தேன் திட்டம்'. அது துல்லியமான பெயர்; எந்தப் பொருள், எந்தப் பாறை, எந்த முறை என்பது அதில் அடங்கியிருந்தது. தமிழக அரசு 2015இல் அத்திட்டத்தை நிராகரித்தது.

சொல்லின் ஒருமை

கண்டறியப்பட்ட சிறு களங்களுக்கான கொள்கை 2015 செப்டம்பரிலும், ஹைட்ரோகார்பன் தேடல், உரிமக் கொள்கை 2016 மார்ச்சிலும் நடுவண் அமைச்சரவையின் ஒப்புதலைப் பெற்றன. அதற்கு முன் எண்ணெய்க்கும் வாயுவுக்கும் ஓர் ஏற்பாடு, நிலக்கரிப் படுகை மீத்தேனுக்கு மற்றோர் ஏற்பாடு, களிப்பாறை வாயுவுக்கு 2013இல் வெளியான தனிக்கொள்கை என இருந்தது. புதிய கொள்கைகள் ஒரே உரிமத்தில் அனைத்தையும் அடக்கின. ஒரு பரப்பில் இரு உரிமதாரர் மோதும் நிலையைத் தவிர்ப்பது நிருவாக நோக்கில் நியாயமானதே. ஆயினும் அதன் துணைவிளைவு மொழியில் நிகழ்ந்தது. 2017 பிப்ரவரியில் 31 ஒப்பந்தப் பகுதிகளுக்கு ஒப்புதல் வழங்கப்பட்டு, அவற்றுள் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலும் இடம்பெற்றபோது, மறுநாளே தொடங்கிய போராட்டம் 'ஹைட்ரோகார்பன் எதிர்ப்பு' என்றே அழைக்கப்பட்டது.

நெடுவாசல் மக்கள் சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டனர் என்று அக்காலத்தில் எழுந்த விமரிசனம் ஏற்கத்தக்கதன்று. அங்குள்ளது மரபுவழிக் களம், மீத்தேன் அன்று, பாறையை விரிசலிடும் முறையும் அன்று என விளக்கம் தரப்பட்டது. ஆனால் உரிமத்தின் சொற்கள் அவ்வேறுபாட்டைத் தம்முள் வைத்திருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் இசைவளிக்கும் ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றைத்தான் செய்வோம் என்று கூறுவதை உழவர் நம்பாதது இயல்பே. ஆவணம் ஒன்றாக்கியதை மக்களும் ஒன்றாகவே எதிர்த்தனர். மறுபுறம், எதிர்ப்பாளரின் சில வெளியீடுகள் தமிழகக் கடற்கரைச் சமவெளி முழுவதும் ஒரே ஆபத்துக்கு உட்பட்டதாகச் சித்திரித்ததும் பாறைச் சான்றோடு பொருந்தவில்லை. ஆவடியின் படிவும் நெடுவாசலின் படிவும் ஒரே நிறத்தில் தீட்டப்பட வேண்டியவை அல்ல.

2020 பிப்ரவரியில் நிறைவேறிய தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் வேறுபாட்டை மீண்டும் எழுத்துக்குக் கொண்டுவந்தது. தடைசெய்யப்பட்ட பணிகளின் அட்டவணையில் எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், களிப்பாறை வாயு ஆகியன தனித்தனியே பெயர் பெற்றன. அவற்றோடு பிற ஒத்த ஹைட்ரோகார்பன்களும் சேர்க்கப்பட்டன. முன்பே நடைபெற்றுவந்த பணிகள் சட்டத்தின் பிடிக்கு வெளியே நின்றன. பழுப்பு நிலக்கரி அப்பட்டியலில் பெயர் பெறவில்லை. வேதியியல்படி அது ஹைட்ரோகார்பனும் அன்று; ஆக்சிஜன் மிகுந்த திடக் கரிமப்பொருள், வான் கிரெவலென் வரைபடத்தில் எண்ணெயிலிருந்து தொலைவில் நிற்பது. 2023 மார்ச்சில் நடுவண் நிலக்கரி அமைச்சகத்தின் ஏலப்பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்னும் மூன்று பழுப்பு நிலக்கரிப் பகுதிகள் இடம்பெற்றன. மாநில அரசு வேளாண் மண்டலச் சட்டத்தைச் சுட்டி எதிர்ப்புத் தெரிவித்தது. சில நாட்களில் மூன்று பகுதிகளும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. நீக்கம் நிருவாக முடிவாக வந்தமையால், பழுப்பு நிலக்கரி 'பிற ஒத்த' என்னும் தொடருக்குள் அடங்குமா என்ற வினா அங்குச் சட்டவழியில் தீர்க்கப்படவில்லை.